பூஜ்ஜியம் வாங்கிய கிடா

சூளகிரி வட்டாரச் செம்மறிக் கிடாக்களின் முதுகுச் சதையை உயர்த்துவது என்று மேலிடத்தில் முடிவாயிற்று. வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி கிடாவுக்கும் ஸ்கேன் வைப்பார்களாம். அறுக்காமலே, தோலுக்கடியில் சதை எத்தனை, கொழுப்பு எத்தனை என்று தெரிந்துவிடுமாம். நல்ல சதை உள்ள கிடாவைப் பொலிக்கிடாவாக எடுத்துக்கொண்டால், பிறக்கிற குட்டியும் அப்படியே பிறக்குமாம். பொலிக்கிடாவுக்கு ஆயுசு முழுக்க அரசாங்கத் தீவனம்; வேலை, பெண்ணாடுகளோடு இருப்பது மட்டும். இந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்திருந்தால் நான் ஏன் ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு பார்க்கப் போகிறேன்?

எங்கள் தெரு மாதேஸ்வரிக்கு இது உயிர்ப் பிரச்சினை. அவளுடைய மேச்சேரிக் கிடா தாயில்லாப் பிள்ளை. புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது, முன்னால் ஏதாவது வைத்தால்தான் நகரும் என்பதால் அதற்குத் தாசில்தார் என்று பேர். மாரியம்மன் பண்டிகைக்கு அதை வெட்டுவது என்று அவள் புருஷன் முனிவேல் கத்தியைத் தீட்டி வைத்திருந்தார். பொலிக்கிடா ஆகிவிட்டால் கத்தி கிட்டவே வர முடியாது. முதல் ஆளாகப் போய்ப் பதிந்துவிட்டு வந்தாள். நானும் ஒரு கிடா வளர்க்கிறேன். அன்றைக்கு நைட் ஷிப்டு முடிந்து வந்து தூங்கிவிட்டேன்.

முகாமில் கால்நடைத் துறை உதவி இயக்குநர் பூபதி சார் மைக்கில் ஒரு மணி நேரம் பேசினார். ஸ்கேன் பார்க்க வந்த ராஜேஷ்குமார் கிடா முதுகில் முடியைச் சிரைத்து, ஜெல் தடவி, மிஷினை வைத்து அழுத்தினான். நாற்பத்திரண்டில் பதினொன்று தேறின, தாசில்தார்தான் முதல். ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்குப் பெங்களூர் அனுப்பினார்கள். அது இன்னும் அத்திப்பள்ளி டிராபிக்கில் நிற்கிறது என்று கேள்வி.

அப்புறம்தான் படிவம் வந்தது. பதினான்காவது கட்டத்தில் 'அறுத்தபின் உடல் எடை' என்று கேட்டிருந்தார்கள். நட்சத்திரக் குறி வேறு போட்டிருந்தது. அதை நிரப்பாவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது.

“சார், அறுக்காம தெரிஞ்சிக்கத்தான இந்த மிஷினு?” என்று மாதேஸ்வரி கேட்டாள்.

“அதேதாம்மா. அறுக்காமல் தெரிந்துகொண்டது சரியா என்று அறுத்துத்தானே தெரிந்துகொள்ள முடியும்?”

“அறுத்துட்டா அது எப்பிடி சார் பொலிக்கிடாவா இருக்கும்?”

“அது பதினைந்தாவது கட்டம். முதலில் பதினாலை முடிப்போம்.”

“தேறாத கிடாவுக்கு?”

“தேறாததுக்குப் பதினாலு கிடையாது. அதை அறுத்து நமக்கு என்ன ஆகப்போகிறது?”

பத்து கிடாக்கள் பதினான்காவது கட்டத்தை நிரப்பின. எடை குறித்தபின் கறி துறைக்குத் தேவைப்படவில்லை. விஞ்ஞானம் வீணாகக் கூடாதே என்று ஊரே பந்தியில் உட்கார்ந்தது. நான் மூன்று தடவை போட்டுக்கொண்டேன். பொய் சொல்லுவானேன், மிஷின் சொன்ன சதை அத்தனையும் இருந்தது.

மாதேஸ்வரி மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை. மறுபரிசோதனை வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தாள். மனுவை மறுக்க விதி இல்லை. ஆனால் ஒரு கிடாவுக்கு ஒருமுறைதான் ஜெல் என்று விதி இருந்தது.

“ஜெல் இல்லாம வெச்சா ஒண்ணும் தெரியாதுக்கா, ஸ்கிரீன் கருப்பாத்தான் இருக்கும். எண்ணெயாவது தடவணும்,” என்றான் ராஜேஷ்குமார்.

“ஒண்ணும் வேணாம் தம்பி. கருப்பாவே இருந்துட்டுப் போவுது.”

பூபதி சார் திரையைக் கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். “சதையே இல்லை. பூஜ்ஜியம். மறுபரிசோதனை முடிவே இறுதியானது,” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஐம்பது கிலோ தாசில்தார் அப்போது அவர் முட்டியில் சாய்ந்துகொண்டு நின்றது.

மாவட்டத்துக்குப் பொலிக்கிடா வேண்டுமே? தேறிய பட்டியலில் உயிரோடு இருந்தது தாசில்தார் ஒன்றுதான். பட்டியலில் ஏறிய பேரை அடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே அதற்கே மெடல் போட்டார்கள். மெடல் வாங்கின கிடாவை எந்தக் காலத்திலும் வெட்டுவதில்லை என்று முனிவேல் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்து, பண்டிகைக்குப் பூசணிக்காயை வெட்டினார்.

எட்டு மாதத்தில் சூளகிரி முழுக்கக் கொழுகொழுவென்று குட்டிகள். பூபதி சார் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்: 'ஸ்கேனில் தென்படாத சதை மரபணுவுக்குள் பதுங்கியுள்ளது என்பது ஐயமற நிரூபணமாகிறது. இனி பூஜ்ஜியம் பெறும் கிடாக்களே தெரிவு செய்யப்படும்.' பூஜ்ஜியத்துக்கு ஜெல் எதற்கு என்று அதை வாங்குவதையும் நிறுத்தினார்கள்.

அப்புறம் ஊரைப் பிடிக்க முடியவில்லை. போச்சம்பள்ளி சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, “ஜீரோவா?” என்றுதான் கேட்டார்கள். பைக்கில் ஜீரோ ஸ்டிக்கர். பெண் பார்க்கப் போன இடத்தில், “மாப்பிள்ளை வீட்டுல ஜீரோ கிடா இருக்குதுங்களா?” என்று விசாரித்தார்கள். நானும் என் கிடாவைக் கொண்டுபோய் ஜெல் இல்லாமல் பூஜ்ஜியம் வாங்கி, சான்றிதழை லேமினேட் பண்ணி டிவிக்கு மேலே மாட்டினேன்.

போன திங்கட்கிழமை மறுபடி முகாம். பூபதி சார் மைக்கைத் தட்டினார்.

“பூஜ்ஜியத்துக்குள் இவ்வளவு சதை எப்படி வந்தது என்று மேலிடம் கேட்கிறது. ஆகவே இன்று மறுபடி அளந்து, பூஜ்ஜியம் வாங்கும் கிடாக்களுக்கு மட்டும் பதினான்காவது கட்டம் நிரப்பப்படும். வரிசையை விட்டுப் போகிறவர்களின் கிடாவும் பூஜ்ஜியமாகவே கருதப்படும்.”

நூறு பேர், கையில் நூறு லேமினேட். “ஐயோ, ஜெல்லு!” என்று கத்தினேன். டப்பாவே கிடையாது என்று ராஜேஷ்குமார் கையை விரித்தான்.

எனக்கு முன்னால் மாதேஸ்வரி நின்றாள். தாசில்தாரின் முதுகை வீட்டிலேயே மழமழவென்று சிரைத்துக் கொண்டுவந்திருந்தாள். இடுப்பிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் கடலையெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தேய்த்தாள்.

“மாதேசு, எனக்கும் ரெண்டு சொட்டும்மா,” என்றேன்.

பாட்டிலை மூடிக்கொண்டே திரும்பினாள்.

“ஆவட்டும்ணா. அன்னிக்குப் பந்தியில கறி எப்பிடி இருந்துச்சு? அதைச் சொல்லு மொதல்ல.”

என் கிடா என் முகத்தைப் பார்த்தது. “அடுத்து யாரு?” என்றான் ராஜேஷ்குமார்.