நான்கு வாஷரும் ஒரு சிவப்புக் கொடியும்

டிப்ளமோ முடித்தவனுக்கு முதல் ஆறு மாதம் தெரியாத விஷயமே இருக்காது. எனக்கும் இல்லை.

ஊருக்கு ஊர் கூலிப் போராட்டமும் குத்தகைச் சண்டையும் நடந்த காலம் அது. அக்காவின் கணவர் சேகர் அத்தான் குவைத்தில் மெக்கானிக்காக இருந்தவர். அங்கே நொறுங்கிப்போன ஒரு காரின் ரோட்டரி இன்ஜினைக் கப்பலில் ஏற்றி வந்து, மாயவரத்துக்குப் பக்கத்தில் தன் நெல் குடோனில் ஒற்றை ஆள் விமானம் கட்டிக்கொண்டிருந்தார். (பெண் பார்க்க வந்தபோது இதை ஒருத்தரும் சொல்லவில்லை என்பது அக்காவின் தீராத குறை.)

விமானம் என்றால் ஓடுபாதை வேண்டுமே! அந்தச் சாக்கில் தங்களை நிலத்தைவிட்டு வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்று அத்தானின் அப்பாவுடைய நிலத்தில் பயிர் செய்த குத்தகைக்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். சங்கத் தலைவர் கோவிந்தசாமி வரப்பில் சிவப்புக் கொடி நட்டுவிட்டார்.

அத்தான் நேரில் போனார். "வந்து பாருங்கண்ணே. அறுப்பு முடிஞ்ச வயல்ல ரெண்டு நாள் ஓட்டிப் பாப்பேன், அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகப் பேச்சு. முந்தின நாள் இன்ஜினை ஓட்டிப் பார்த்தோம். சூடேறியதும் எண்ணெய் அழுத்த மீட்டரின் முள் கொஞ்சம் இறங்கியது. சூட்டில் எண்ணெய் இளகினால் அப்படித்தான் இறங்கும்.

"அத்தான், பிரஷர் பத்தாது போலிருக்கே?"

"அது போதும் மாப்ளே. கை வைக்காதே."

அவர் சாப்பிடப் போனதும் வைத்தேன்.

அழுத்தம் அதிகமானால் ஒரு ஸ்பிரிங் வால்வு திறந்து மிச்ச எண்ணெயை அடித்தொட்டிக்கே திருப்பிவிடும். ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷர் வைத்தால் அழுத்தம் சற்று ஏறும். ஒன்றுக்கே ஏறும் என்றால் நான்குக்கு? வைத்து முடுக்கினேன். ஸ்பிரிங் அசையக்கூட இடமில்லாமல் போனது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் தை மாதக் குளிர். எண்ணெய் கெட்டியாக இருந்தது. தலைவர் சலவைச் சட்டையில் வந்து, சரியாக எண்ணெய்க் கூலருக்கு எதிரே நின்றார். பக்கத்தில் வெள்ளை வேட்டியில் அத்தானின் அப்பா. ஒரு வருடமாக முகம் பார்த்துப் பேசாத இருவர்.

இன்ஜின் பிடித்தது. முள் விறுவிறுவென ஓடிக் கடைசியில் முட்டி நின்றது.

"டேய், என்னடா செஞ்சே?" என்று அத்தான் சுவிட்சை அணைப்பதற்குள் கூலர் குழாய் கழன்றது.

எண்ணெய் கட்சி பார்க்கவில்லை.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தானின் அப்பாவைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் பல் மட்டும்தான் வெள்ளை. முதலில் சிரித்தது யார் என்பதில் இன்றும் தகராறு உண்டு.

"கொடியப் பிடுங்கிடறோம் தம்பி," என்றார் தலைவர். "இது எந்தக் காலத்துலயும் வயலுக்கு வராதுன்னு எங்களுக்கு நம்பிக்கை வந்துடுச்சு."

எல்லோரும் போனபின் அத்தான் வால்வைக் கழற்றினார். வாஷர்கள் ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் விழுந்தன. அவர் திட்டவில்லை. (திட்டியிருக்கலாம்.) நல்லவேளை, இன்ஜினுக்குச் சேதமில்லை. ஆனாலும் விமானம் பறக்கவில்லை. இறக்கை கட்டுவதற்குள் அத்தான் மறுபடி குவைத் போய்விட்டார்.

அத்தான் குவைத்தை விட்டு ஊரோடு வந்துவிட்ட இப்போதும், நான் அக்கா வீட்டுக்குப் போய், தோசைக்கல் பக்கம் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தால் போதும். கூடத்திலிருந்து அத்தான் குரல் கொடுப்பார்:

"வெள்ளை வேட்டிக்காரங்கல்லாம் தள்ளி உக்காருங்கப்பா!"