சான்றளிக்கப்பட்ட அழுக்கு

லெ மான்ஸ் நகரத்தில் ஒரு பொம்மைக் கார் அழுக்காக இருக்க வேண்டுமென்றால் அதற்கு முறைப்படி அனுமதி வாங்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் எந்தக் கவுண்டரில் என்று கேட்பார்கள்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நாலு மணிக்குக் கிளம்பும் பந்தயக் கார்கள் ஞாயிறு மாலை நாலு மணி வரை ஓடும். மிச்ச வருஷம் பூராவும் ஊர் உட்கார்ந்து அதே கார்களை உள்ளங்கை அகலத்தில் செய்யும். ஒரு காலத்தில் அவை பளபளவென்று இருந்தன. எவனோ ஒரு புண்ணியவான் பந்தயம் முடிந்த நிமிஷத்தில் கார் எப்படி இருந்ததோ அப்படியே சேறும் எண்ணெயும் செத்த பூச்சியுமாகச் செய்து வைத்தான். அவ்வளவுதான், சுத்தமான கார் வைத்திருப்பவனை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை என்று ஆகிவிட்டது. ஃபேஷன் வந்த பிறகு அலுவலகம் வராமல் இருக்குமா? சிற்றுரு மெய்மைச் சான்று அலுவலகம் என்று ஒன்று மூன்று மாடியில் எழும்பியது. அதன் முத்திரை இல்லாத அழுக்கு வருடாந்திரக் கண்காட்சியில் நுழைய முடியாது.

அன்செல்ம் லுபூக் ஓய்வுபெற்ற மெக்கானிக். 1966 பந்தயத்தில் மோர்வால் கம்பெனியின் ஐம்பத்தேழாம் நம்பர் காருக்கு ஸ்பானர் பிடித்தவர். ஞாயிறு காலை எட்டு மணிக்கு முகப்பு விளக்கின் கண்ணாடி விரிசல் விட்டபோது அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டியவரும் அவரே. கார் பதினாறாவதாக வந்தது. ஓட்டியவர்களின் பெயர் அச்சில் ஏறியது. மெக்கானிக்கின் பெயரை எவன் போடுவான்? உலகத்தில் அவர் அங்கே இருந்ததற்கு அந்த டேப் ஒன்றுதான் சாட்சி. அதனால் இரண்டு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அந்தக் காரைச் சின்னதாகச் செய்து, இடது விளக்கில் நகக்கீற்று அளவுக்கு டேப்பும் ஒட்டினார். அதைக் கண்காட்சியில், கண்ணாடிப் பெட்டிக்குள், தன் பெயரோடு ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் அவருக்கு.

அலுவலகத்தில் துணை இயக்குநர் உபினோ பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"அழுக்கு பிரமாதம்யா. ஆனா பூச்சி பதினொண்ணு இருக்கே?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

"பதினாறாவதா வந்த காருக்கு ஒன்பதுதான் அனுமதி. மெதுவா போற கார்ல பூச்சி தப்பிச்சுடும்ல."

அன்செல்ம் இடுக்கியால் இரண்டு பூச்சிகளுக்கு விடுதலை கொடுத்தார்.

"சரி, இந்தக் கறுப்பு டேப்புக்கு என்ன ஆதாரம்?"

"நான்தான் ஒட்டினேன்."

"இதுல நீங்கதான் ஒட்டினீங்க, அது தெரியுது. அந்தக் கார்ல யாரு?"

"அதுலயும் நான்தான்யா."

"நீங்க அங்க இருந்தீங்கன்னு எப்படி நம்புறது?"

அன்செல்ம் சட்டைக் கையைச் சுருட்டி, அன்று புகைக்குழாய் சுட்ட தழும்பைக் காட்டினார். உபினோ அதை ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொண்டார்: 'தழும்பு, ஆறு சென்டிமீட்டர். மேற்படி காருடன் உறவு நிரூபிக்கப்படவில்லை.'

வீட்டில் அவர் மனைவி சொலான்ஜ் ரொட்டியில் பன்றிக்கறி விழுதைத் தடவியபடியே கேட்டாள்.

"ஏங்க, நம்ம கல்யாணத்துக்கே ஒரே ஒரு காகிதம்தானே கொடுத்தீங்க? இந்த டேப்புக்கு எத்தனை?"

"இதுவரைக்கும் பதினாலு."

"அடுப்படியில எண்ணெய்ப் பிசுக்கு நெஜமாவே இருக்கு. அதுக்கும் ஒரு சான்று வாங்கிட்டு வாங்க, நான் துடைக்காம இருக்கேன்."

ஏழு மாதம் நடையாய் நடந்தார் மனுஷன். கடைசியில் ஐவர் குழு கூடித் தீர்ப்பளித்தது: 'வேறு ஆதாரம் யாதும் இல்லாத காரணத்தால் விண்ணப்பதாரரின் ஞாபகமே ஆதாரமாகக் கொள்ளப்படுகிறது. டேப், இடது விளக்கு. இம்முடிவு இறுதியானது.' முத்திரை விழுந்த சத்தத்தில் அன்செல்முக்கு அழுகையே வந்துவிட்டது. கண்காட்சி மண்டபத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டி வைத்தார்கள். அதன்கீழ் அட்டை: 'மெக்கானிக், அன்செல்ம் லுபூக்.'

திறப்பு விழாவன்று காலை ஒரு லாரி வந்து நின்றது. பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர் தன் கொட்டகையில் முப்பத்தைந்து வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அசல் காரையே அனுப்பியிருந்தார். பந்தயம் முடிந்த பிறகு அதை யாரும் கழுவக்கூட இல்லை. தார்ப்பாயை இழுத்ததும் கூட்டம் சுற்றிச் சுற்றி வந்தது, பிறகு முகப்பு விளக்குகளிடம் வந்து நின்றது.

டேப் வலது விளக்கில் இருந்தது.

அன்செல்ம் குனிந்து தொட்டுப் பார்த்தார். அவருடைய டேப்தான். முனையை மடித்து ஒட்டுவது அவர் பழக்கம். கிரீஸ் கட்டைவிரல் ரேகைகூட அப்படியே இருந்தது. இத்தனை வருஷமாக இடது, இடது என்று சொல்லிச் சொல்லி ஞாபகமே பக்கம் மாறிவிட்டிருக்கிறது.

உபினோவின் முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஐயா, நீங்களே சொல்லுங்க. எது சரி? பொம்மை தப்புன்னா சான்றிதழ் ரத்து. அந்த அட்டையையும் எடுத்துடணும்."

அன்செல்ம் அட்டையைப் பார்த்தார். சொலான்ஜ் அவரைப் பார்த்தாள். அவர் நிமிர்ந்து நின்றார்.

"கார்தான் தப்பு."

உபினோ பெருமூச்சு விட்டார். "நானும் அதான் நெனச்சேன். காருக்கு எங்க சான்றிதழ் இருக்கா என்ன?"

"இல்லை" என்றது கூட்டம், நிம்மதியாக.

"அப்போ காரைத் திருத்திட வேண்டியதுதான். அந்தக் காலத்து டேப் ஒட்டத் தெரிஞ்ச ஆளு நம்மகிட்ட ஒருத்தர்தான் இருக்காரு."

இருபது வயதில் ஒட்டியதை அன்செல்ம் தன் நகத்தாலேயே உரித்தார். அடியில் விரிசல் தெரிந்தது. உபினோ அதைப் 'பிற்காலச் சேதம்' என்று குறித்துக்கொண்டு, இடது விளக்கைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"ஐயா, இந்தப் பக்கம் விரிசலே இல்லையே?"

லாரி டிரைவரிடம் ஒரு சின்னச் சுத்தியல் இருந்தது. அன்செல்ம் அதை வாங்கி, தொழில் தெரிந்த மெக்கானிக்குக்கே வரும் பதத்தில் ஒரே ஒரு தட்டு தட்டினார். விரிசல் மேல்மூலையிலிருந்து அழகாக இறங்கியது. அவர் அதன்மேல் டேப்பை ஒட்டி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள்.

"இப்பத்தான்யா பாக்க அசல் கார் மாதிரி இருக்கு" என்றார் உபினோ.