சங்கிலியர் அளந்த சைன்

துணுக்காய்ப் பக்கத்து நிலஅளவை முகாமில் நான் இருந்த மூன்று வருடமும் என்னை ஒரு நேரச் சோறு நிம்மதியாகச் சாப்பிட விடாத மனிதர் ஒருவர்தான். அவருடைய பெயர் வரவுப் பதிவு இடாப்புக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் சங்கிலியர். அறுபத்தாறு அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு காடு, வயல் எல்லாம் நடந்து நிலம் அளப்பது அவருடைய வேலை. அளந்து வந்ததை நிழலில் இருந்து படமாகக் கீறுவது என் வேலை. யாழ்ப்பாணத்தில் கணக்குப் புலி என்று பெயரெடுத்துவிட்டு வந்தவன் நான். அவர் பூநகரியில் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியதோடு சரி. இருந்தும் பொறாமைப்பட்டது நான்தான். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை, வயது போய்விட்டது.

சங்கிலியர் அளக்காமல் எதையும் நம்பமாட்டார். ஒருநாள் முகாமில் சமைக்கிற குசினிக் கந்தையா அண்ணை, “கிணறு பக்கத்திலதானே, ஒரு வாளி அள்ளிக்கொண்டு வாரும்” என்று அனுப்பினார். சங்கிலியர் வாளியை வைத்துவிட்டு அடி எண்ணி நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

“பக்கத்தில இல்லை அண்ணை. ரெண்டு சங்கிலியும் பதினெட்டுக் கண்ணியும்.”

ஒரு சங்கிலிக்கு நூறு கண்ணி. அளவு வந்து சேர்ந்தது, தண்ணீர் வரவில்லை.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கூத்துத்தான். பெண் தேத்தண்ணியோடு வெளியே வர, இவர் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சீதன வயலின் உறுதிப் பத்திரத்தில் நாலு ஏக்கர் என்று இருந்தது. இவர் அளந்துவிட்டு, “மாமா, மூண்டே முக்கால்தான் கிடக்கு” என்றார். நானென்றால் அன்றைக்கே அடித்துக் கலைத்திருப்பார்கள். பெண்ணின் தகப்பனோ இவரைக் கட்டிப்பிடித்தார். பக்கத்து வயற்காரன் வரம்பைத் தள்ளிப் போட்டிருந்தது அப்போதுதான் பிடிபட்டதாம். கால் ஏக்கரும் திரும்பி வந்தது, கல்யாணத்துக்கு நாளும் வைத்தார்கள். என்னைப் பார்க்க வந்த பெண்வீட்டார் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனதோடு சரி.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது பிறகு வந்தது. சர்வேயர் பயிற்சிக்கு எங்கள் முகாமிலிருந்து ஒருவரை அனுப்பலாம் என்று கடிதம் வந்தது. முகாமுக்குப் பெரியவரான சர்வேயர் ஐயா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“ஐசே, பயிற்சியில இப்ப நுண்கணிதமும் படிப்பிக்கினமாம். வாற சனிக்கிழமை ஒரு கேள்வி கேப்பன். ஆர் சரியாச் செய்யிறாரோ அவரின்ரை பேர்தான் போகும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. நுண்கணிதப் புத்தகம் முகாமில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. அன்று பின்னேரமே எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்: “x பூச்சியத்தை நெருங்கேக்க சைன் x ஐ x ஆல பிரிச்சா விடை ஒண்டு.”

“ஏன் அண்ணை ஒண்டு?” என்றார் சங்கிலியர்.

“புத்தகத்தில கிடக்கு.”

அவர் முகாமின் சைன் அட்டவணையை எடுத்து வந்தார். “சைன் ஒரு பாகை எண்டா பூச்சியம் தசம் பூச்சியம் ஒண்டு ஏழு அஞ்சு. ஒண்டால பிரிச்சாலும் அதுதான். அரைப் பாகைக்கும் பிரிச்சுப் பாத்தனான், கிட்டத்தட்ட அதேதான் வருது. எங்க அண்ணை உங்கட ஒண்டு?”

“உது பழைய அச்சு, பிழையா இருக்கும்” என்றேன். அந்த அட்டவணையை வைத்துத்தான் வன்னியில் பாதியை அளந்திருந்தோம். கந்தையா அண்ணை கூட அகப்பையோடு வந்து நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அறைக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். அடியில் பொடி எழுத்தில் இருந்தது: கோணம் பாகையில் அல்ல, ரேடியனில். நாங்கள் பாகையிலே பிறந்து பாகையிலே வளர்ந்த சாதி, ரேடியனை ஆர் கண்டது? எனக்கும் சரியாக விளங்கவில்லை. ஆனால் இது சங்கிலியருக்குத் தெரியக்கூடாது என்பது மட்டும் நன்றாக விளங்கியது. புத்தகத்தை வேட்டியில் சுற்றிப் பெட்டிக்குள் அடியில் வைத்தேன். மறுநாள் அவர் வந்து கேட்டபோது, “முல்லைத்தீவில ஒரு சிநேகிதனுக்கு இரவல் குடுத்திட்டன்” என்றேன்.

“சரி அண்ணை” என்று போனவர், அறுவடை முடிந்த வயலில் தனியாகச் சங்கிலியோடு வட்டம் சுற்றிக்கொண்டு திரிந்தார். ஆளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் புழுதியோடு ஓடி வந்தார்.

“அண்ணை, நீங்கள் சொன்ன ஒண்டு சரிதான். பிடிச்சிட்டன். வாங்கோ, காட்டிறன்.”

“எனக்குத் தலையிடி” என்று திரும்பிப் படுத்தேன். உண்மையாகவே தலையிடி வந்துவிட்டது.

சனிக்கிழமை. சர்வேயர் ஐயா கதிரையில் இருந்தபடி, பயிற்சிக் கடிதத்தோடு வந்த கேள்வியை வாசித்தார்: “x பூச்சியத்தை நெருங்கேக்க, சைன் மூண்டு x ஐ x ஆல பிரிச்சா என்ன?”

நான் முந்திக்கொண்டேன். “மேலயும் கீழயும் மூண்டால பெருக்கோணும் ஐயா. அப்ப சைன் மூண்டு x இன்ரை கீழ மூண்டு x வரும். அது ஒண்டு. வெளியில நிக்கிற மூண்டுதான் விடை.”

ஐயா அட்டவணையைப் புரட்டினார். “x ஒரு பாகை எண்டா, சைன் மூண்டு பாகை பூச்சியம் தசம் பூச்சியம் அஞ்சு ரெண்டு மூண்டு. ஒண்டால பிரிச்சும் பாத்தன். மூண்டு எங்க ஐசே வருது?”

அவரும் பாகைச் சாதிதான். ரேடியன் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால், அது எங்கே படித்தீர் என்று கேட்பார். அது என்னவென்றும் கேட்பார். முதலாவதைச் சொன்னால் ஒளித்த புத்தகம் வெளியே வரும், இரண்டாவது எனக்கே விளங்கவில்லை. அட்டவணையை வாங்கிச் சும்மா புரட்டினேன். என் பயிற்சி, என் உத்தியோகம், எனக்கு வரவேண்டிய பெண் எல்லாம் வாசலால் போவது தெரிந்தது.

“ஐயா, அவர் சொன்னது சரி” என்றார் சங்கிலியர். “எழும்பி வாங்கோ, வயலில காட்டிறன்.”

முழுச் சங்கிலியையும் இழுத்து, ஒரு முனையை முளையில் மாட்டினார். மறுமுனையால் நிலத்தில் வளைவாகக் கீறினார். “கோணத்தைப் பாகையால அளக்காதேங்கோ. இந்த வளைவின்ரை நீளத்தாலயே அளந்து பாருங்கோ. அஞ்சு கண்ணி வளைவு, இதுதான் x. மூண்டு மடங்கு போனா பதினஞ்சு கண்ணி. அந்த இடத்திலயிருந்து, முதல்ல சங்கிலி கிடந்த கோட்டுக்குச் செங்குத்தா இறக்குங்கோ. அந்த இறக்கம்தான் சைன்.”

ஐயா குனிந்து தானே அளந்தார். பதினைந்துக்கு மயிரிழை குறைவு.

“பதினஞ்சை அஞ்சால பிரியுங்கோ ஐயா. மூண்டு. வளைவு பெரிசா இருந்தா இறக்கம் நல்லாக் குறையும். சின்னனாக, சின்னனாக ரெண்டும் ஒண்டாயிடும்.” புத்தகத்தின் ரேடியன் இதுதான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஐயா நிமிர்ந்து முகத்தைத் துடைத்தார். “முப்பது வருஷம் சைனோட வேலை செய்தனான். இண்டைக்குத்தான் அதைக் கண்ணால கண்டனான்” என்றார்.

விடை சொன்னவனின் பெயர் போகவில்லை. விடையைக் காட்டியவரின் பெயர்தான் போனது. அதற்குப் பிறகு ஒரு கிழமை நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் மட்டும் கதைத்துக்கொண்டிருந்தார்.

அவர் புறப்பட்ட அன்று மாங்குளம் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். மனச்சாட்சி குத்த, புத்தகத்தை நீட்டினேன். “இரவல் போனது திரும்பி வந்திட்டுது.”

சங்கிலியர் சிரித்தார். “அது எங்க அண்ணை போனது? முகாம் கூட்டேக்க உங்கட பெட்டியைத் தூக்கினது நான்தானே. உள்ளுக்க புத்தகம் சறுக்கி இடிச்சது கேட்டது.”

“அப்ப ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?”

“கேட்டிருந்தா நீங்கள் வெக்கத்தில என்னோட கதையை விட்டிருப்பியள். முகாமில கணக்குக் கதைக்க எனக்கு வேற ஆர் இருக்கினம்?”

புத்தகத்தை வாங்க மறுத்துவிட்டார். “அடுத்த முறை பயிற்சிக்கு வரப்போறது நீங்கள்தானே. வச்சுப் படியுங்கோ” என்று ரயில் ஏறினார்.

இந்த மனிதர் எப்போது போய்த் தொலைவார் என்று அதுவரை நாள் எண்ணிக்கொண்டிருந்தவன் நான். ரயில் போன பிறகு முகாமுக்குத் திரும்ப மனம் வராமல், இருட்டும்வரை அந்த ஸ்டேஷனிலேயே இருந்தேன்.