பாம் ஷெல்டரில் வயர் அண்ணன்

சிங்கப்பூரிலேயே வைஃபையை ஜென்ம விரோதியாக நினைக்கும் ஒரே மனிதர் எங்கள் வயர் அண்ணன்தான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கும். சிராங்கூன் சாலைப் பக்கம் அதைச் சொல்லி விசாரித்தால் அவர் மனைவிக்கே ஆள் தெரியாது. மற்ற கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர்கள் பையோடு வருவார்கள். இவர் முப்பது மீட்டர் மஞ்சள் வயரைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வருவார்.

கம்ப்யூட்டருக்குப் புதிதாக சிஸ்டம் போடும்போது, நடுவில் ‘எந்த நெட்வொர்க்கில் சேரட்டும்?’ என்று அது கேட்கும். நீங்களும் நானும் வைஃபை பெயரைத் தட்டிவிட்டுக் காபி கலக்கப் போவோம். அண்ணன் அசையமாட்டார்.

“வைஃபை கல்யாண வீட்டுச் சொந்தக்காரன் மாதிரி தம்பி. சாப்பிட முதல் பந்தியில இருப்பான். பரிமாறக் கூப்பிட்டா ஆளக் காணோம்!”

ஆங் மோ கியோவில் ஒரு வீட்டில் வாசலிலிருந்து கடைசி அறைவரை வயர் இழுத்துவிட்டாராம். அரைநாள் முழுக்க அதைத் தாண்டித் தாண்டிக் குதித்ததில் அந்த வீட்டு மாமாவுக்கு முழங்கால் வலியே போய்விட்டது என்பார். மாமாவைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

அவர் செங்காங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தது என்னால்தான். பிள்ளை வளர்ப்பதற்காக ஒன்பது வருஷம் வீட்டோடு இருந்த என் மனைவி மாலதிக்கு, பாலர் பள்ளி ஒன்றில் ஆசிரியை வேலைக்கு நேர்காணல். வீடியோவில், மூன்று மணிக்கு. கேமரா பளிச்சென்று தெரியட்டும் என்று காலையில் அவள் லேப்டாப்பில் எதையோ தட்டினேன். அது உயிரை விட்டது. எங்கள் வீட்டில் இருப்பதே அந்த ஒன்றுதான்.

ஒரு மணிக்கு அண்ணன் வந்தார். சிஸ்டம் போட ஆரம்பித்தார். அந்தக் கேள்வி வந்தது. பக்கத்து வீட்டு வைஃபைகள் பதினொன்று வரிசையில் நின்றன. எங்களுடையது கடைசியில், ஒற்றைக் கோட்டோடு தேய்ந்துபோய்க் கிடந்தது.

“ரூட்டர எங்க வச்சிருக்கீங்க?”

“பாம் ஷெல்டர்லண்ணே” என்றேன். குண்டு விழுந்தால் ஒளிய என்று இங்கே அடுக்குமாடி வீட்டுக்குள்ளேயே கட்டித் தரும் தடித்த சுவர் அறை அது; எங்களுக்கு அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் வைக்கும் இடம். கண் சிமிட்டும் பெட்டி ஹாலில் அசிங்கமாக இருக்கிறதென்று நான்தான் அங்கே தள்ளியிருந்தேன்.

“குண்டு போட்டாலும் உள்ள போகக்கூடாதுன்னு கட்டின சுவர். அதைத் தாண்டி உங்க வைஃபை வரணுமா? நல்லா இருக்கு லா!”

வயரின் ஒரு முனையை ரூட்டரில் செருகினார். மறுமுனையோடு வந்து லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒல்லி லேப்டாப். வயர் செருக ஓட்டையே இல்லை. அதற்கென்று ஒரு சின்ன அடாப்டர் வைத்திருப்பார். சட்டைப்பையைத் தடவினார், பின்பையைத் தடவினார், முகம் விழுந்தது. அதைக் காலையில் வேறொரு வீட்டில் மறந்துவிட்டார்.

“அண்ணே, வைஃபையே போடுங்க, ப்ளீஸ். மூணு மணிக்கு நான் பேசணும்” என்றாள் மாலதி.

அண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஷெல்டருக்குள் போய், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, ரூட்டரை மடியில் வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் முதன்முறையாக வைஃபையைத் தட்டினார்.

“ஒரு சாண் தூரத்துல இருந்தா அதுவும் வயர் மாதிரிதான்” என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார்.

மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சிஸ்டம் ஏறி முடிந்தது. மாலதி லேப்டாப்பை ஹாலுக்கு எடுத்துப்போகக் கை நீட்டினாள்.

“எங்கம்மா போறே? பாதிப் பேச்சுல அறுந்துடும். இங்கேயே உக்காரு.”

பின்னால் இருந்த பெட்டிகளைப் போர்வையால் மூடினார். உள்ளே புழுக்கம் ஆளைத் தின்றது. டேபிள் ஃபேன் வைத்தால் சத்தம் கேட்குமே! ஓர் அட்டையைக் கிழித்து, கேமராவில் படாமல் இரும்புக் கதவோரம் நின்று, விசிற ஆரம்பித்தார். நாற்பது நிமிஷம். நடுவில் நான் தும்மப் போனேன். ஒரு முறை முறைத்தார் பாருங்கள், தும்மல் திரும்பிப் போய்விட்டது.

மாலதி வெளியே வந்ததும், “எப்படிம்மா பண்ணினே?” என்று அவர் கேட்கவில்லை.

“வீடியோ எங்கயாவது நின்னுச்சா?”

“ஒரு தடவகூட நிக்கலண்ணே.”

“அது போதும்” என்று வயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

அடுத்த வாரம் வேலை கிடைத்த சேதி வந்தது. மாலதி முதல் போனை அவருக்குத்தான் போட்டாள். எனக்கு இரண்டாவதாகத்தான் சொன்னாள். அதுதான் சரி என்று எனக்கும் பட்டது.