கூடையடியாரும் ஒரு பக்க மீசையும்

"நாலாவது இடமா? நம்ம நாரைகளுக்கா?"

ரிம்விதாஸ் துள்ளி எழுந்தார். நீராவிக் குளியலறையின் மேல் பலகையில் உட்கார்ந்திருப்பவர் துள்ளி எழுந்தால் தலை கூரையில் இடிக்கும். இடித்தது. கோபத்தில் அவருக்கு அது உறைக்கவில்லை.

கீழ்ப் பலகையில் அவருடைய மைத்துனர் எலிகியுஸ், நீராவியில் தொளதொளத்துப்போன செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நிதானமாக வாசித்தார். "'நாரைகளுக்கு உயரே பறக்கத் தெரிகிறது, தரையிறங்கத் தெரியவில்லை. நான்காம் இடம். இப்படிக்குக் கூடையடியார்.' நான் சொல்லலை மச்சான். பேப்பர் சொல்லுது."

"முதல் இடம் யாருக்கு?"

"அதை வேற என் வாயால சொல்லணுமா? எங்க காட்டெருமைங்களுக்குத்தான்."

ரிம்விதாஸ் நீராவிக் குளியலில் உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக் கொத்தை எடுத்து, தன் முதுகில் அடிப்பதாக எண்ணி மைத்துனர் முதுகில் நாலு போட்டார்.

ஷிலுபிஸ் ஊரில் கூடைப்பந்து என்பது விளையாட்டு அல்ல. மழை, வெயில் போல அதுவும் ஒன்று. புள்ளிப் பட்டியலைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. யார் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்பதைக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சண்டையெல்லாம் திங்கட்கிழமைதோறும் ஊர்ப் பத்திரிகையில் வரும் பலப் பட்டியலைப் பற்றித்தான். ஊர் அணியான நாரைகள் உட்படப் பத்து அணிகளில் உண்மையிலேயே பலசாலி யார் என்று கூடையடியார் தன் அபிப்பிராயத்தை அதில் எழுதுவார். அவர் யார் என்று யாருக்கும் தெரியாது. போன இலையுதிர் காலத்தில் திடீரென்று முளைத்தார். அதற்கு முன்பு மீன் சுற்றத்தான் லாயக்கு என்றிருந்த பத்திரிகை, இப்போது காலை எட்டு மணிக்குள் தீர்ந்துவிடுகிறது.

எலிகியுஸ் நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கல்னுவா ஊர்க்காரர். தங்கை டெக்லே ரிம்விதாசைக் கட்டிக்கொண்டு வந்தபோது, வேலை தேடிக்கொண்டு பின்னாலேயே வந்தவர். இருபது வருடமாக ஷிலுபிஸ் ரொட்டியைத் தின்கிறார், இன்னும் கல்னுவாவின் காட்டெருமைகளுக்குத்தான் கைதட்டுகிறார். ரிம்விதாசால் ஜீரணிக்க முடியாத விஷயம் இது ஒன்றுதான்.

"எழுதி வெச்சுக்கோ. மார்ச் மாசக் கடைசித் திங்கக்கிழமை நாரைங்க முதல் மூணு இடத்துக்குள்ள இருக்கும்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா ஒரு பக்க மீசையை எடுத்துட்டு, அதே கோலத்துல மேட்ச் பார்க்க வரேன்!"

குளியலறையில் இருந்த மற்ற எட்டுப் பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். காரணம், அது சாதாரண மீசை அல்ல. இருபத்தாறு வயதான மீசை. ரிம்விதாஸ் நடத்தும் ஓட்டுநர் பள்ளியின் பெயரே 'மீசை'. காரின் இரண்டு கதவிலும், கடிதத்தாளின் தலைப்பிலும் அந்த மீசைதான் படமாக இருக்கிறது. அவரிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் ஊரில் பாதிப் பேர், அவர்களில் பலருக்கு அவருடைய முழுப் பெயர் தெரியாது.

டெக்லேவுக்கு விஷயம் தெரிந்தபோது அவள் பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாதி மீசையோட பக்கத்து சீட்ல உட்கார்ந்தா, கத்துக்க வர்ற பொண்ணு பிரேக்கை மிதிப்பாளா, உங்க மூஞ்சியைப் பார்ப்பாளா?"

"மூணாவது இடம் வந்துடும் டெக்லே."

"வராட்டி கல்யாண போட்டோவைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் உங்களை அடையாளம் சொல்லணும்."

மறுவாரம் வெள்ளிக்கிழமை, வழக்கம்போல மீசையைச் சீர்படுத்த யாட்விகாவின் சலூனுக்குப் போனார். யாட்விகாவிடம் ஒரு பெரிய வசதி. ஊரிலேயே கூடைப்பந்தைப் பற்றி ஒரு கருத்தும் இல்லாத ஒரே ஆள் அவள்தான். அவளிடம் மானத்தைக் காப்பாற்றவேண்டிய அவசியம் இல்லை. வெளியே நாரைகளை யாராவது ஒரு சொல் சொன்னால் சட்டையைப் பிடிக்கும் ரிம்விதாஸ், அந்த நாற்காலியில் சாய்ந்தால் போதும், நாரைகளைத் தானே வறுத்தெடுத்துவிடுவார். ஷிலுபிஸ்காரன் தன் அணியைத் திட்டுவதுபோல வேறு எவனாலும் திட்ட முடியாது. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டுதான் திட்டுவான்.

"நம்ம சென்டர் இருக்கானே யாட்விகா, பந்தைப் பறிகொடுத்துட்டு திரும்பி ஓடணுமில்ல? கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கிட்டு அஞ்சாவது மாடி ஏறுற மாதிரி வர்றான்."

"சென்டர்னா யாரு?"

"உயரமா இருப்பானே, அவன்."

"எல்லாருமே உயரமாத்தானே இருக்காங்க. உதட்டை அசைக்காதீங்க."

திங்கட்கிழமை நாரைகள் ஐந்தாம் இடத்துக்கு இறங்கியிருந்தன. 'நடுநாயகர் தற்காப்புக்குத் திரும்பும் வேகத்தில், எதிரணி இரண்டு முறை கூடை போட்டுவிட்டுத் தேநீரும் குடிக்கலாம்' என்று எழுதியிருந்தார் கூடையடியார்.

"அவதூறு! இந்த ஆள் எங்க டீமை ஜென்மத்துல பார்த்ததில்லை!" என்று ரிம்விதாஸ் பத்திரிகையைக் கசக்கினார். பிறகு அதைப் பிரித்து மறுபடி படித்துவிட்டுக் கசக்கினார்.

சும்மா இருந்தால் மீசை போய்விடும். அன்றே 'ஒரு நடுநிலை வாசகன்' என்ற பெயரில் பத்திரிகைக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். நாரைகளின் தற்காப்பு ஐரோப்பாவுக்கே பாடம் என்று அதில் விளக்கியிருந்தார். பத்திரிகை அதை அப்படியே படம்பிடித்துப் போட்டது. கடிதத்தாளின் தலைப்பில் மீசை கம்பீரமாக முறுக்கிக்கொண்டு நின்றது.

"நடுநிலை வாசகர் சௌக்கியமா?" என்று தெருவில் ஆளாளுக்குக் கேட்டார்கள். எலிகியுஸ் அந்தப் பக்கத்தை வெட்டி, தன் காரின் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்.

ரிம்விதாஸ் நேரே ஆசிரியரிடம் போனார்.

"அந்த ஆள் யாருன்னு சொல்லுங்க. ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும்."

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். ஆனா வாசகர்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு சார். என் மனசுல இருக்கறதையே எழுதறாருன்னு ஒவ்வொருத்தரும் சொல்றாங்க."

"என் மனசுல அப்படி ஒண்ணும் இல்லை!" என்று மேசையில் தட்டிவிட்டு வெளியேறினார்.

பிப்ரவரியில் நாரைகளின் தலைவர் ஜில்வினாஸ், மீன்பிடிப் படகைக் காரின் பின்னால் கட்டி இழுக்கும் உரிமம் வேண்டுமென்று 'மீசை'க்கு வந்தார். ரிம்விதாசுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் முதல் சிக்னலிலேயே தலைவரின் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட்டார்.

"என்னாச்சு தம்பி?"

"இடது முழங்கால் அண்ணே. கிளட்சை மிதிச்சா உயிர் போகுது. டாக்டருக்கும் கோச்சுக்கும் மட்டும்தான் தெரியும். தயவுசெஞ்சு..."

"என்னை வெட்டிப் போட்டாலும் வெளிய வராது."

வீட்டில் டெக்லேவிடம்கூட அவர் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள் அந்த ரகசியம் வயிற்றுக்குள் கல்லாகக் கிடந்தது. சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. மீசையைச் சீர்படுத்திக்கொண்டு வந்ததும் மனசு கொஞ்சம் லேசாகி, இரண்டு தட்டு கிழங்கு உருண்டை சாப்பிட்டார்.

திங்கட்கிழமை பத்திரிகையைப் பார்த்து ஊரே உறைந்து போனது. 'நாரைகளின் தலைவருக்கு இடது முழங்கால் சரியில்லை. கிளட்ச் மிதிக்கவே சிரமப்படுகிறவர் எப்படிக் குதிப்பார்?'

அடுத்த ஆட்டத்தில் எதிரணி முழுக்க முழுக்க ஜில்வினாசின் இடப்பக்கமாகவே புகுந்து புகுந்து அடித்தது. பதினெட்டுப் புள்ளியில் தோல்வி. அணிக்குள் உளவாளி இருக்கிறான் என்று ரசிகர் மன்றம் கொதித்தது. உளவாளியைப் பிடிக்க ஒரு குழு போட்டார்கள். தலைவராக ஒருமனதாக ரிம்விதாசைத் தேர்ந்தெடுத்தார்கள். அவரைவிட விசுவாசமான ஆள் யார் இருக்கிறார்கள்?

"ஊருக்குள்ள ஒரு கருங்காலி இருக்கான். அவனைக் கண்டுபிடிக்காம நான் தூங்க மாட்டேன்!" என்று அவர் கூட்டத்தில் மார்தட்டினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அவருடைய சந்தேகமெல்லாம் ஒரே ஆள்மேல்தான். காட்டெருமை ரசிகன், வாரா வாரம் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிக்கிறவன், நாரைகள் விழுந்தால் சிரிக்கிறவன். எலிகியுசுக்கு ஒரு பொறி வைப்பது என்று முடிவுசெய்தார். நாரைகளின் அமெரிக்க ஆட்டக்காரன் டிஷான், ஊர் ஞாபகம் தாங்காமல் பெட்டி கட்டிவிட்டான் என்று ஒரு பொய். அதை மைத்துனரிடம் மட்டும் அவிழ்த்துவிட வேண்டும். பத்திரிகையில் வந்தால் ஆள் அகப்பட்டான். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால், வெள்ளிக்கிழமை சலூன் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தபடி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை குளியலறையில் எலிகியுசின் காதில் போட்டார்.

திங்கட்கிழமை வந்துவிட்டது. 'டிஷான் பெட்டி கட்டிவிட்டார். நாரைகள் ஆறாம் இடம்.'

ரிம்விதாஸ் எலிகியுசின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார்.

"மாட்டிக்கிட்டியா கூடையடியாரே!"

எலிகியுஸ் கையில் பூண்டு தேய்த்த ரொட்டியோடு திருதிருவென்று விழித்தார். "யாரு, நானா? எனக்கு அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சா காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேனே!"

"நடிக்காதே! உன்னைத் தவிர நான் யார்கிட்டயும் சொல்லலை!"

"என்னையே சந்தேகப்படறியா மச்சான்? இருபது வருஷமா உன் முதுகுக்குத் தண்ணி ஊத்தறேன்."

அதைக் கேட்டும் ரிம்விதாஸ் இறங்கி வரவில்லை. அன்று மாலை டெக்லே புருஷன் முன்னால் தட்டை 'டக்'கென்று வைத்தாள். தட்டில் காய்ந்த ரொட்டி மட்டும் இருந்தது.

"எங்க அண்ணன் பிறந்தநாள் வாழ்த்து அட்டையிலகூட பேரை மட்டும்தான் எழுதுவான். அதுலயும் ஒரு எழுத்தை விட்டுடுவான். அவன் வாரம் பத்து டீமைப் பத்தி எழுதறானாம்! போய் மன்னிப்புக் கேளுங்க. அதுவரைக்கும் அடுப்பு எரியாது."

இதற்கிடையில் டிஷானுக்கு யாரோ அந்த வரியை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார்கள். கியர் மாற்றக் கற்றுக்கொள்ள அவனும் 'மீசை'க்குத்தான் வந்துகொண்டிருந்தான்.

"என்னை அனுப்பப் போறாங்களாமே சார்? எங்கிட்டகூட யாரும் சொல்லலை. நான் எந்தப் பெட்டியையும் கட்டலையே" என்று ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். ரிம்விதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் பொய்க்காக வெட்கப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அன்றைய ஆட்டத்தில் டிஷான் எறிந்த பத்துப் பந்தில் ஒன்றுதான் கூடைக்குள் விழுந்தது.

மார்ச் கடைசித் திங்கட்கிழமை. ரிம்விதாஸ் கடைசிப் பட்டியலைக் கடைக்கு வெளியே நின்றபடியே படித்தார்.

'நாரைகள் ஏழாம் இடம். இந்த அணியை நம்பி ரசிகர் ஒருவர் மீசையைப் பணயம் வைத்திருக்கிறார் என்று கேள்வி. நல்ல மீசை. ஓரங்கள் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட மீசை. நாங்கள் வருந்துகிறோம்.'

வாக்கு வாக்குதான். வெள்ளிக்கிழமை சலூன் வாசலில் கூட்டம் நெரிந்தது. ஜில்வினாஸ் நொண்டிக்கொண்டு வந்து நின்றார். டிஷான் முகத்தைத் தொங்கப் போட்டிருந்தான். சாட்சியாக எலிகியுஸ் உள்ளே வந்தார். வந்தவர் சிரிக்கவில்லை.

"வேண்டாம் மச்சான். நான் வாக்கைத் திருப்பித் தந்துடறேன். எழுந்து வா."

ரிம்விதாசுக்குக் கண் கலங்கிவிட்டது. "எலிகியுஸ், உன்னைப்போய் சந்தேகப்பட்டேனே. மன்னிச்சுடு. ஆனா வாக்கு வாக்குதான். யாட்விகா, எடும்மா."

கத்தி இடப்பக்கம் இறங்கியது. இருபத்தாறு வருடம் இரண்டு நிமிடத்தில் துண்டில் உதிர்ந்தது. ரிம்விதாஸ் கண்ணாடியில் தெரிந்த இரண்டு பாதி ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தக் கூடையடியார் மட்டும் என் கையில கிடைச்சான்..." என்று பல்லைக் கடித்தவர், பெருமூச்சு விட்டார். "சரி, எல்லாம் முடிஞ்சது. மேட்ச் முடிஞ்சதும் இந்தப் பக்கத்தையும் வீட்டிலேயே வழிச்சுக்கறேன். மீசையே இல்லாதவனுக்கு வெள்ளிக்கிழமை சலூன்ல என்ன வேலை? இனிமே நான் இங்க வரப்போறதில்லை யாட்விகா."

யாட்விகாவின் கத்தி அந்தரத்தில் நின்றது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவள் முகத்தில் கவலை தெரிந்தது.

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க! நீங்க வந்து சொல்லலைன்னா, திங்கக்கிழமைப் பட்டியல்ல நான் என்னத்தை எழுதறது?"