பச்சைப் பட்டைக்குக் கலரில் கிடைத்த சாட்சி

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.

பெருமதிப்புக்குரிய தணிகாசலம் மாமா அவர்களுக்கு,

தங்கை மகன் நெடுமாறன் வணங்கி எழுதுவது. இங்கே அம்மா முதற்கொண்டு எல்லோரும் சுகம். அங்கே பாரிசில் நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பதை, தினமும் விடியற்காலையில் நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ரோஜாப்பூக்களால் அறிகிறேன். இந்த விஷயத்தையும் அதிலேயே எழுதியிருக்கலாம். எழுதினால் நீங்கள் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த ரோஜாப்பூவுக்குப் போய்விடுவீர்கள். ஆகவே தபால்.

அடுத்த மாதம் கருவடிக்குப்பத்து மண்டபத்தில் நடக்கவிருக்கும் உங்கள் எண்பதாம் கல்யாணத்துக்காக, உங்கள் மகன், மச்சான் விக்ரம் பழைய வீடியோ கேசட்டுகளையெல்லாம் பாரிசில் ஒரு கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருக்கிறான். மண்டபத்தில் பெரிய திரை வைத்துப் போடப் போகிறானாம். நாமெல்லோரும் சென்னைப் பக்கம் தீம் பார்க் போன காட்சிக்கு 'கரை மச்சான், கரை மாப்பிள்ளையின் வீர சாகசம்' என்று தலைப்பும் வைத்திருக்கிறான். "ஒரு தடவ பாத்துட்டு தப்பு இருந்தா சொல்லு மச்சான்" என்று பென் டிரைவும் அனுப்பியிருந்தான். பார்த்தேன். தப்பு இருக்கிறது. முப்பது வருஷமாக இருக்கிறது.

உங்களுக்கு மறந்திருக்கும் என்பதால் நினைவூட்டுகிறேன். 'வகான்ஸ்' என்று நீங்கள் சொல்லும் உங்கள் விடுமுறை ஜூலை, ஆகஸ்டில் வரும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஜூலை, ஆகஸ்டில்தான் மும்முரமாக நடக்கும். அதனால் நீங்கள் விமானம் ஏறிய சேதி வந்ததுமே எனக்கு வருஷந்தவறாமல் காய்ச்சல் வந்துவிடும். அப்பா அதற்கு லீவு லெட்டர் எழுதி, அதே காய்ச்சலைத் தன் மில்லிலும் சொல்லி லீவு வாங்குவார். நம் இரண்டு குடும்பமும் ஒரு வேனில் ஏறிப் போவோம். போகிற இடத்திலெல்லாம் நீங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து எங்கள் முதுகுகளைப் படமெடுப்பீர்கள். அணைக்கிற பித்தானை அமுக்கும் வழக்கம் உங்களுக்கு இருந்ததில்லை. கேசட்டில் பாதிக்கு மேல் தரை, செருப்பு, யாரோ துப்பிய கரும்புச் சக்கை. நீங்கள் டீ குடிக்கப் போனாலும் பாத்ரூம் போனாலும் அந்தக் கேமராவை ஓடவிட்டபடியே அப்பா தோளில் மாட்டிவிட்டுப் போவீர்கள். அப்பாவும் சாமி நகையைச் சுமக்கிறவர் மாதிரி ஆடாமல் நிற்பார்.

அந்தப் பூங்காவின் வாசலில் எல்லோருக்கும் கையில் ஒரு காகிதப் பட்டை கட்டினார்கள். சிவப்புப் பட்டை என்றால் எல்லா ராட்டினத்திலும் ஏறலாம். பச்சை என்றால் துணைக்கு வந்தவர்கள், கர்ப்பிணிகள், வயசானவர்கள். சுற்றிப் பார்க்கலாம், ஏறக் கூடாது. உள்ளே கொலம்பஸ் என்று ஒரு கப்பல், முன்னும் பின்னும் ஊஞ்சலாடும். அதில் ஏறியவர்கள் யாரும் எங்கும் போய்ச் சேரவில்லை என்பதையும், கிளம்பிய இடத்திலேயே வாந்தியுடன் இறங்கினார்கள் என்பதையும் வரலாறு எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் பதிவு செய்கிறேன். என்னைவிட இரண்டு வயது சின்னவனான விக்ரம் ஏறினான், அம்மா ஏறினாள், அத்தை பட்டுப்புடவையோடு ஏறினார்கள். நானும் அப்பாவும் ஏறவில்லை. காரணம், எங்கள் கையில் கட்டியிருந்தது பச்சை. அப்பாவே என் கையைத் தூக்கிக் காட்டி, "நம்முளுது பச்சைடா, விடமாட்டானுங்க" என்று சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "நானே கவுன்ட்டர்ல நின்னு எல்லாருக்கும் சிவப்பு வாங்கிக் குடுத்தேன். அப்பனும் புள்ளயும் பயந்துக்கினு கரையிலயே நின்னுட்டானுங்க" என்றீர்கள். அன்றிலிருந்து அப்பா கரை மச்சான், நான் கரை மாப்பிள்ளை. என் கல்யாண மேடையில் மைக்கில் சொன்னீர்கள். மகள் பூவிழிக்குக் காது குத்தும்போது, "அப்பன் மாதிரி பயப்படாதம்மா" என்றீர்கள். அப்பாவின் கருமாதிப் பந்தலில், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "எங்க கரை மச்சான் இப்பதான் ஏறிட்டாரு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அழுதீர்கள் என்பதால் அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. மறந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம்.

கேசட்டைப் போட்டுப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். போட்டோம். நீங்கள் அங்கிருந்து அனுப்பிய கேசட் எங்கள் டிவியில் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரிந்தது. பிரான்சுக்காரர்களுடைய கலர் முறை வேறு, நம்முடையது வேறு என்பது பிறகு தெரிந்தது. அம்மா மட்டும் இன்று வரை, "எங்கண்ணன் சிக்கனம் பாத்து கறுப்பு வெள்ள கேமராவா வாங்கிட்டான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எது எப்படியோ, திரையில் எல்லோர் கையிலும் சாம்பல் பட்டை. சிவப்பும் சாம்பல், பச்சையும் சாம்பல். என் பக்கம் இருந்த ஒரே சாட்சி அப்பா. நான் பச்சை என்று சொல்லும்போதெல்லாம், "ஆமா, பச்சைதான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். அதையும் நீங்கள், "அப்பன் புள்ளைக்குத்தானே பேசுவான்" என்று தள்ளிவிட்டீர்கள்.

இப்போது கேளுங்கள். விக்ரம் மாற்றி அனுப்பியது கலர். அத்தையின் புடவை மாம்பழ மஞ்சள். விக்ரம் சட்டை நீலம். கப்பல் மேலே போகிறது, உங்கள் குரல் கேட்கிறது: "வுவாலா, இதோ கிளம்பிடுச்சு. விக்ரம் கையத் தூக்கிட்டான் பாரு. இப்ப கரைக்கு வருவோம். கரையில யாரு? நம்ம மச்சான். இன்னா மச்சான், ஏறலியா?" கேமரா திரும்புகிறது. தோளில் ரெண்டு பை, கக்கத்தில் ஒரு பை, கையில் அத்தையின் செருப்பு. இத்தனையோடு அப்பா நின்று, "பைய யாரு மச்சான் பாத்துக்கிறது" என்கிறார். அண்ணாந்து கப்பலையே பார்க்கிறார். பக்கத்தில் நான். அப்பா கையில் பச்சை. என் கையில் பச்சை. நிறுத்தி, பெரிதாக்கி, பூவிழியையும் கூப்பிட்டுக் காட்டி உறுதி செய்துகொண்டேன். கிளி நிறம். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இதில் என் மானத்தைக்கூட விட்டுவிடுகிறேன். அப்பா என்ன பாவம் செய்தார்? அந்தக் கப்பலைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, மில்லில் ஷிப்டு ஷிப்டாகப் போய், "கொலம்பஸ்ல ஏறப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்த மனுஷன் என்று அம்மா சொல்கிறாள். அவரைப் போய் பச்சையில் சேர்த்து, பை தூக்க வைத்து, படமும் பிடித்து, பயந்தவர் என்று பேரும் வைத்தீர்கள். உங்கள் வீட்டாருக்குச் சிவப்பு, மில்லுக்காரனுக்கும் அவன் பிள்ளைக்கும் பச்சை. அவர் சாகிற வரைக்கும் உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கும் சேர்த்து நான் கேட்கிறேன்.

ஆகவே மண்டபத்தில் அந்தக் காட்சியை எங்கள் கையில் நிறுத்திக் காட்ட வேண்டும். நீங்கள் மைக்கைப் பிடித்து, "என் மச்சான் கோவிந்தராசுவும் மாப்பிள்ளை நெடுமாறனும் பயப்படவில்லை, பட்டை பச்சை" என்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் பாதிப் பேர் என் மாணவர்களின் பெற்றோர் என்பதால் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்லவும். மறுநாள் எல்லோரையும் அதே பூங்காவுக்கு அழைத்துப்போக வேன் பேசியிருப்பதாக விக்ரம் எழுதியிருந்தான். அந்த வேனில் எனக்கு இடம் போட வேண்டாம். அம்மாவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். "இன்னாடா இது, எண்பது வயசு ஆளுகிட்ட போய் பட்ட கேட்டுக்கினு" என்றாள். அவள் உங்கள் தங்கை. அவளிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? குளிரில் வெளியே போகாமல் இருக்கச் சொல்லவும். நீங்களும் மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொண்டு, நூறாண்டு இருந்து, நான் கேட்டதைச் செய்ய வேண்டுமென்று மணக்குள விநாயகரை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் மரியாதை குறையாத மருமகன்
கோ. நெடுமாறன்

பி.கு.: உறைக்குப் பசை தடவும் நேரத்தில் பூவிழி லேப்டாப்போடு வந்து, "அப்பா, இந்தத் தரை வீடியோவ பாத்தியா?" என்றாள். விக்ரம் பெயர்கூட வைக்காமல் கடைசியில் போட்டிருந்த ஒரு துண்டு. தரை வந்தாலே ஓட்டிவிடுவது நம் குடும்ப வழக்கமாதலால் இதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. நீங்கள் பாத்ரூம் போயிருக்கிறீர்கள் போலிருக்கிறது. கேமரா அப்பா தோளில் சாய்ந்து தொங்குகிறது. சிமென்டுத் தரை, அப்பாவின் ரப்பர் செருப்பு, கவுன்ட்டர் விளிம்பு, அதன்மேல் அப்பாவின் கை. கையில் சிவப்புப் பட்டை. பக்கத்தில் ஒரு பையன் கை, அதிலும் சிவப்பு. பையன் நின்ற நிலையிலேயே தூங்கிவிழுகிறான்.

அப்பா தாழ்ந்த குரலில், "இத ரெண்டையும் பச்சையா மாத்திக் குடும்மா" என்கிறார். கவுன்ட்டரில் இருக்கும் பெண், "ஏன் சார்?" என்கிறாள். "வரும்போது அந்தக் கப்பலப் பாத்துட்டான், காலு நடுங்குது. வேணாம்னு அவன் வாயால சொன்னா ஊருக்குப் போற வரைக்கும் கேலி பண்ணுவானுங்க. பச்சைன்னா விடமாட்டாங்கன்னு சொல்லிக்கிறேன்." "அப்ப உங்களுது சிவப்பாவே இருக்கட்டுமே சார், நீங்க ஏறுங்க." "எனக்கு ஆசதான். நான் மட்டும் ஏறினா அவனுக்குத் தெரிஞ்சிடும்மா." பிறகு பட்டையைக் கிழிக்கிற சத்தம். அப்புறம் நீங்கள் வந்து கேமராவை வாங்கிக்கொள்கிறீர்கள்.

எனவே மேலே எழுதியதில் உங்களைப் பற்றிய பகுதிகளை நீக்கிவிட்டுப் படிக்கவும். திரும்ப எழுதலாம்தான், நன்றாக வந்திருப்பதால் மனம் வரவில்லை. அத்தை முழங்கால் பற்றியது அப்படியே இருக்கட்டும். கால் நடுங்கியதாகச் சொன்னது அப்பாவின் கருத்து. மைக்கில் எதுவும் பேச வேண்டாம். திரையில் என் பெயரை எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், அப்பாவுடையதை மட்டும் எடுத்துவிடச் சொல்லவும்.

வேனில் எனக்கு ஓர் இடம் போடவும். வாசலில் எனக்கு இரண்டு சிவப்புப் பட்டை வாங்கவும், ஒன்று அப்பாவுடையது. ஏறுவதா என்பதைக் கப்பலைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.