ஓசோனுக்கு என்ன சைஸ்?

விழிப்புணர்வாளர் என்றொரு இனம் திருப்பூர்ப் பக்கம் பெருகி வருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். உலகத்துக்கு எந்தக் கேடு வந்தாலும் முதல் வேலையாக அதற்கொரு பனியன் அடித்துவிடுவார். மரம் வளர்க்க ஒரு பனியன், பிளாஸ்டிக்கை ஒழிக்க ஒரு பனியன், தண்ணீரைச் சேமிக்க, சாயம் ஏற்றி ஏழு தண்ணீரில் அலசிய இன்னொரு பனியன். மற்றவர்கள் ஒரு கொள்கைக்குப் பொருள் கேட்பார்கள். இவர் சைஸ் கேட்பார். மீடியமா, லார்ஜா?

மாதிரிக்கு வீரபாண்டிப் பக்கத்துப் பிரிண்டிங் யூனிட் முதலாளி சிவசுப்பிரமணியத்தை எடுத்துக்கொள்வோம். தங்கமான மனிதர், சிக்கலே அதுதான். பக்கத்துப் பள்ளியின் அறிவியல் ஆசிரியை அமராவதி, பிள்ளைகளுக்கு ஓசோன் மாசு பற்றிப் பாடம் நடத்தப்போகிறார் என்று காதில் விழுந்ததோ இல்லையோ, மூட்டை மூட்டையாகப் பனியன் வந்து இறங்கிவிட்டது. நெஞ்சில் கொட்டை எழுத்தில், ‘ஓசோனைக் காப்போம்!’

அமராவதி தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏனுங்க, மேல வானத்துல இருக்கற ஓசோன்தானுங்க நம்மளக் காப்பாத்தறது. நான் சொல்லித்தரப் போறது கீழ இருக்கறதுங்க. வண்டிப் புகையும் கெமிக்கல் ஆவியும் வெயில்ல சேர்ந்து உண்டாகறது. நெஞ்சுக்கு ஆகாதுங்க. அதைக் கொறைக்கோணும், காப்பாத்தக் கூடாது.”

“அப்ப ஓசோன்ல ஓட்டைங்கறாங்களே?” என்றார் முதலாளி.

“இதுல ஓட்டையெல்லாம் இல்லீங்க.”

அவர் முகம் மலர்ந்தது. “ஓட்டை இல்லீன்னா நல்ல பீஸ்தானுங்க டீச்சர்! அப்பறம் ஏனுங்க ரிஜெக்ட் பண்றீங்க?”

பனியன் வந்துவிட்டால், அதைப் போட்டுக்கொண்டு போகப் பேரணியும் வந்துதானே ஆகவேண்டும்?

பேரணி மத்தியானம் என்று முடிவாயிற்று. அந்த நேரத்து வெயிலில்தான் கீழ் ஓசோன் கூடும், காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆசிரியை கெஞ்சினார். ஏழாம் வகுப்பு ஜோதிகாவுக்கு வீசிங் இருக்கிறது, அவளையாவது விட்டுவிடுங்கள் என்றார். தலைமையாசிரியரோ எக்ஸெல் சைஸ் பனியன் தமக்குப் பொருந்துமா என்று தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

“மத்தியானத்துலதானுங்க போட்டோ பளிச்சுன்னு உழுகும். அந்த ஜோதிகாக் கண்ணு சிரிச்சா அழகா இருக்குது, பேனர அதுகிட்டயே குடுங்க” என்றார் விழிப்புணர்வாளர்.

முன்னால் டெம்போவில் ஜெனரேட்டர், அதன் புகைக்குள் மைக்செட், மைக்செட்டுக்குப் பின்னால் போட்டோகிராபர், அவருக்காகப் பின்னோக்கி நடக்கும் சிவசுப்பிரமணியம், இத்தனை பேருக்கும் வழிவிட்டு ஹாரன் அடித்து நிற்கும் லாரி வரிசை என்று பல்லடம் ரோட்டில் ஊர்வலம் கிளம்பியது. ‘ஓசோனைக் காப்போம்!’ சொன்னபடியே காத்தார்கள்.

பாதி வழியில் ஜோதிகாவின் கையிலிருந்து பேனர் நழுவியது. நெஞ்சு விசிலடித்தது. வேடிக்கை பார்க்கப் போன எனக்குச் சிரிப்பெல்லாம் போய், கோபம் வந்தது. அமராவதி அவளை ஒரு கடைக்குள் தூக்கிப்போய் இன்ஹேலர் கொடுத்தார். விழிப்புணர்வாளரும் பின்னாலேயே ஓடிவந்தார். உண்மையிலேயே கண் கலங்கியிருந்தார்.

“டீச்சர், எல்லாக் குழந்தைகளுக்கும் துணி மாஸ்க் தைச்சுக் குடுத்தர்றனுங்க. ஓசோன் படம் பிரிண்ட் பண்ணி!”

துணியா தடுக்கும் அந்தக் காற்றை? ஜோதிகா மெல்ல நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“சார், பேரணி முடிஞ்சிருச்சா? இனி நான் மூச்சு விடலாமா?”

அவர் சைஸ்கூடக் கேட்கவில்லை.

‘நல்லவேளை, நான் இந்த இனமில்லை’ என்கிறீர்களா? ரொம்ப மகிழ்ச்சி. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருந்தபடி இதைப் படிக்கிறீர்கள், நாலு குரூப்புக்கு அனுப்ப விரல் துடிக்கிறது. தாராளமாக அனுப்புங்கள். கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டீர்கள் அல்லவா, ஏ.சி. நன்றாகக் குளிர்கிறதா? இன்ஜின் ஓடுவது வெளியே நிற்கும் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.